நீலகிரியில் சிறுதொழில் தொடங்குவோர் எந்தச் சட்ட வடிவத்தைத் தேர்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாக்லேட், வர்க்கி, தைலம், பொட்டலத் தேயிலை, தங்கும் விடுதி, வாடகை ஜீப் என நீலகிரி மாவட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோர் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன. தொழிலில் கடன் ஏற்பட்டால் அது யார் தலையில் விழும் என்பதையும், சேர்ந்தவர்கள் பிரியும்போது யாருக்கு எது போகும் என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். வரிக் கணக்கும் பெயர்ப்பலகையின் கவுரவமும் அதற்குப் பிறகுதான் என்ற நிலைப்பாட்டிலிருந்தே இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: கம்பெனி என்று எதையும் பதிவு செய்யாமல் தொழில் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஒருவர் தம் பெயரிலோ தாம் வைத்த கடைப் பெயரிலோ தனியாகத் தொழில் செய்தால் அது தனி உரிமையாளர் தொழில் எனப்படும். அதற்கென்று தனிச் சட்டமும் இல்லை, தனிப் பதிவாளரும் இல்லை. உரிமையாளரின் பான் எண்தான் தொழிலின் பான் எண். அவருடைய வருமான வரிக் கணக்கில்தான் தொழிலின் லாபமும் சேரும். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கப் போகும்போது, தொழில் நடப்பதற்கான சான்றுகளாகப் பொதுவாக இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம், உணவுப் பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு பெரும்பாலும் போதுமானது.

உத்யம் பதிவு இலவசம். ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ‘கம்பெனி பதிவாகிவிட்டது’ என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தொழிலின் அளவைக் காட்டும் சான்று மட்டுமே. உரிமங்கள் வேறு, சட்ட வடிவம் வேறு.

கேள்வி: தனி உரிமையாளராக இருப்பதில் உள்ள ஆபத்து என்ன?

சட்டத்தின் பார்வையில் உங்களுக்கும் உங்கள் கடைக்கும் வேறுபாடு கிடையாது என்பதே ஆபத்து. கடையின் கடனைக் கடைச் சரக்கு விற்றுத் தீர்க்க முடியாவிட்டால், உங்கள் பெயரில் உள்ள தேயிலைத் தோட்டத்தையும் வீட்டையும் கடன்காரர் நீதிமன்றத்தின் மூலம் தொட முடியும். உரிமையாளர் இறந்துவிட்டால் தொழிலும் அத்துடன் முடிகிறது; வாரிசுகள் ஜிஎஸ்டி பதிவைத் தங்கள் பெயரில் புதிதாகப் பெற வேண்டும்; உரிமங்களையும் தங்கள் பெயருக்குக் கொண்டுவர வேண்டும்.

இருந்தாலும், பெரிய கடன் வாங்காமல், கையில் உள்ள பணத்தைப் போட்டு, ஒருவரே நடத்தும் கடைக்கு இதைவிடச் சிக்கனமான வடிவம் இல்லை. முதல் இரண்டு சீசன்களை இப்படி நடத்திப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

கேள்வி: நண்பரும் நானும் சேர்ந்து தொடங்குகிறோம். எங்களுக்குள் நம்பிக்கை இருக்கும்போது ஒப்பந்தப் பத்திரம் எதற்கு?

நீங்கள் பத்திரம் எழுதாவிட்டாலும் உங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. அதை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பலரும் அன்றைக்கே பத்திரம் எழுதப் போய்விடுவார்கள்.

கோத்தகிரியில் இருவர் சேர்ந்து சாக்லேட் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 5 லட்சம் ரூபாய் முதல் போடுகிறார். மற்றவர் பணம் போடவில்லை. தொழில் அவருக்குத் தெரியும், காலை முதல் இரவு வரை அடுப்படியில் நிற்பவரும் அவரே. ஆண்டு முடிவில் 4 லட்சம் லாபம் வருகிறது. பணம் போட்டவர் தமக்குக் கூடுதல் பங்கு என்று எண்ணியிருப்பார். உழைத்தவர் தமக்கு மாதச் சம்பளம் போக மீதிதான் லாபம் என்று எண்ணியிருப்பார். வேறு ஏற்பாடு எதுவும் பேசப்படாதபோது சட்டம் சொல்வது இரண்டையும் அல்ல. லாபம் சரிபாதி, ஆளுக்கு 2 லட்சம். உழைப்புக்குச் சம்பளம் இல்லை, முதலுக்கு வட்டியும் இல்லை. மறு ஆண்டு தொழில் நொடித்து, போட்ட 5 லட்சமும் போய்விட்டது என்றால், முதல் இழப்பும் நட்டமாகவே கருதப்பட்டு அதே விகிதத்தில் பங்கிடப்படும். ஒரு ரூபாயும் போடாதவர் மற்றவருக்கு இரண்டரை லட்சம் தர வேண்டிய நிலை வரும்.

இன்னொன்றும் உண்டு. தொழில் சம்பந்தப்பட்ட காரியங்களில் ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் முகவர். ஒருவர் கோயம்புத்தூருக்குப் போய் 3 லட்சம் ரூபாய்க்குக் கோகோ வெண்ணெயும் அச்சுகளும் நிறுவனத்தின் பெயரில் கடனாக வாங்கி வந்தால், சரக்கு தந்தவர் அந்தத் தொகை முழுவதையும் மற்றவரிடமிருந்தே வசூலிக்கலாம். பாதிதான் என் பங்கு என்று அவர் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே லாப நட்ட விகிதமும் உழைக்கும் பங்குதாரரின் ஊதியமும் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். காசோலையில் யார் கையெழுத்திடுவது, எந்தத் தொகைக்கு மேல் கடன் வாங்க இருவர் சம்மதமும் வேண்டும் என்பவையும் எழுதப்பட வேண்டும். ஒருவர் விலகும்போது சரக்கையும் இயந்திரங்களையும் எப்படி மதிப்பிடுவது, கடைப் பெயர் யாரிடம் தங்கும் என்ற இரண்டையும் எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பின்னால் வழக்கு வருவது பெரும்பாலும் இவற்றால்தான். பங்குதாரர் இறந்தாலும் தொழில் தொடரும் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் ஒருவர் இறந்தால் மிஞ்சுவது ஒருவர்தான்; ஒருவரைக் கொண்டு கூட்டாண்மை இருக்க முடியாது. வாரிசு ஒருவர் உள்ளே வந்தால் புதிய கூட்டாண்மையாகத் தொடரலாம்.

கேள்வி: பத்திரம் எழுதினால் போதாதா? பதிவும் செய்ய வேண்டுமா?

பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்யாத கூட்டாண்மை நிறுவனம், தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது வழக்குத் தொடர முடியாது என்று அச்சட்டத்தின் 69ஆம் பிரிவு தடுக்கிறது. பங்குதாரரும் பத்திரத்தின்படி தமக்குள்ள உரிமையைக் கேட்டு நிறுவனத்தின் மீதோ மற்றப் பங்குதாரர் மீதோ வழக்குப் போட முடியாது. நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்கும் வழக்கு போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. அதே நேரத்தில் வெளியார் உங்கள் மீது வழக்குத் தொடரத் தடை ஏதும் இல்லை. ஊட்டியில் உள்ள விடுதிகளுக்குச் சீசன் முழுவதும் கடனுக்குச் சரக்குப் போட்டுவிட்டு, முடிந்தபின் வசூலுக்கு அலைவோருக்கு இது சிறிய விஷயம் அல்ல. பதிவை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டும். தொழில் தொடங்கிய பிறகும் செய்யலாம், ஆனால் வழக்குத் தொடரும் நாளுக்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எல்எல்பி என்பது கூட்டாண்மைதானா?

பெயரில் கூட்டாண்மை, தன்மையில் பாதி கம்பெனி. 2008ஆம் ஆண்டின் சட்டப்படி அமையும் இந்த வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை தன் பங்குதாரர்களிலிருந்து வேறான சட்ட நபராகக் கருதப்படும். குறைந்தது இருவர் வேண்டும். நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரரின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாகாது. ஒருவர் செய்த தவறுக்கு மற்றவர் பொறுப்பாவதும் இல்லை. பங்குதாரர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தை, நிறுவனம் பதிவான 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை இந்தச் சட்டத்தின் கீழ் தணிக்கை கட்டாயம் இல்லை என்பதும், ஆண்டுக்கு இரண்டு படிவங்களே முக்கியம் என்பதும் இதன் வசதிகள். ஒரு வரிச் சலுகை இதற்குக் கிடைக்காது; அது கீழே வருகிறது.

கடன் வாங்கி, இருவர் மூவர் சேர்ந்து, விபத்துக்கு இடமுள்ள தொழிலை நடத்துபவர்களுக்கு, அதாவது மலையேற்றம், ஜீப் சவாரி, முகாம் போன்றவற்றை ஏற்பாடு செய்பவர்களுக்கு, சாதாரணக் கூட்டாண்மையைவிட இதையே பரிந்துரைக்கத் தோன்றுகிறது. வடிவம் எதுவானாலும் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

கேள்வி: பிரைவேட் லிமிடெட் என்று இருந்தால் மதிப்பு கூடும் என்கிறார்களே?

வெளியிலிருந்து பங்கு முதலீடு வாங்கப் போகிறவர்களுக்கும், பெரிய சங்கிலிக் கடைகளுக்கும் ஏற்றுமதிக்கும் சரக்குத் தரப் போகிறவர்களுக்கும் அது உண்மை. ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த மதிப்பால் வரும் வரவைவிடச் செலவே அதிகம்.

கம்பெனிக்கு விற்பனை ஒரு ரூபாய் கூட இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஆடிட்டரைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும். நிதிக் கணக்கு அறிக்கை, ஆண்டறிக்கை என்ற இரண்டையும் உரிய காலத்தில் தாக்கல் செய்யாவிட்டால் படிவம் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டு படிவங்களையும் ஓர் ஆண்டு மறந்துவிட்டால் 73,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். தொழிலை மூடினால் கம்பெனியும் தானாக மூடிவிடும் என்று எண்ணி விட்டுவிட்டவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். பெயரை நீக்கக் கோரித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கம்பெனியின் கடன் பங்குதாரரின் சொந்தச் சொத்தைத் தொடாது என்று ‘லிமிடெட்’ என்ற சொல் தரும் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சிறு கம்பெனிக்குக் கடன் தரும்போது வங்கி பெரும்பாலும் இயக்குநர்களின் சொந்த ஜாமீனைக் கேட்கும். கையெழுத்திட்ட அந்த நிமிடத்திலேயே, அந்தக் கடனைப் பொறுத்தவரை, வரையறுத்த பொறுப்பு இல்லாமல் போகிறது. சரக்குக் கடன், வாடகை, வாடிக்கையாளரின் இழப்பீட்டுக் கோரிக்கை போன்றவற்றில்தான் அது உண்மையில் துணைக்கு வரும்.

கேள்வி: ஒருநபர் கம்பெனி எனக்குப் பொருந்துமா?

ஒருவரே பங்குதாரராக இருந்து, தமக்குப் பின் யார் என்று ஒரு நியமனதாரரைக் குறித்துவிட்டு, கம்பெனி தரும் பாதுகாப்பைப் பெறும் வடிவம் இது. முன்பு விற்பனை 2 கோடியைத் தாண்டினால் கட்டாயமாக மாற வேண்டும் என்றிருந்த விதி 2021 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டது. தணிக்கையும் தாக்கலும் இதற்கும் உண்டு.

கேள்வி: வரியில் எது லாபம்?

இதற்கு எண்களை வைத்துப் பார்ப்பதே நல்லது. ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் விற்பனை, முழுவதும் யுபிஐ மற்றும் வங்கி மூலம் வந்தது என்று கொள்வோம். ஊக அடிப்படையிலான வரித் திட்டத்தில் இவ்வாறு வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும்; ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம். 30 லட்சத்துக்கு 6 சதவீதம் 1,80,000 ரூபாய். தனி உரிமையாளருக்கு வேறு வருமானம் இல்லை என்றால், 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. அதே விற்பனையைக் கூட்டாண்மை நிறுவனம் காட்டினால், நிறுவனத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்ந்து 56,160 ரூபாய் வரும். இந்தத் திட்டத்தில் பங்குதாரர் சம்பளத்தைத் தனியாகக் கழிக்கவும் முடியாது. எல்எல்பிக்கும் கம்பெனிக்கும் இந்தத் திட்டமே இல்லை. முழுக் கணக்கு எழுதி உண்மையான லாபத்துக்கு வரி கட்ட வேண்டும்.

முழுக் கணக்கு எழுதும் கூட்டாண்மை, பங்குதாரர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் ஊதியமும் 12 சதவீதம் வரை வட்டியும் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் மேற்கண்ட வேறுபாடு வெகுவாகக் குறையும். கம்பெனிகள் 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கூடுதல் வரிகளுடன் அது சுமார் 25.17 ஆகும். ஆனால் அந்த லாபத்தை ஈவுத்தொகையாக வீட்டுக்கு எடுத்துவரும்போது அது உங்கள் வருமானத்தில் மீண்டும் சேரும்.

பச்சைத் தேயிலை ஏஜென்ட்டுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கமிஷன் வருமானத்துக்கு இந்த ஊக வரித் திட்டம் பொருந்தாது. மற்றவர்களும், குறைந்த லாபம் காட்டினால் அடுத்த ஆண்டு வங்கிக் கடனும் அந்த அளவுக்கே கிடைக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்பாவின் பெயரில் இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. அந்த இலையைக் கொண்டு நானே தூள் தயாரித்து விற்கக் கம்பெனி தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் இங்கே வடிவம் வரியை நேரடியாக மாற்றிவிடும். தானே விளைவித்துத் தானே தயாரித்து விற்கும் தேயிலையின் லாபத்தில் 60 சதவீதம் விவசாய வருமானமாகவும் 40 சதவீதம் மட்டும் தொழில் வருமானமாகவும் கருதப்படும். விளைவிப்பவரும் தயாரிப்பவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பது இதன் உயிர்நாடி. தோட்டம் அப்பாவுடையது, தயாரிப்பு உங்கள் கம்பெனியுடையது என்றால், கம்பெனி இலையை விலைக்கு வாங்குகிறது. அதன் லாபம் முழுவதும் தொழில் வருமானம். அப்பா இலைக்குப் பெறும் தொகை அவருக்கு விவசாய வருமானமாகவே இருக்கும். அப்பாவே தம் பெயரில் தனி உரிமையாளராகத் தயாரித்து விற்றால் 60-40 கணக்குப் பொருந்தும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இலை வாங்குபவர்கள் இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

கேள்வி: வீட்டையும் நிலத்தையும் நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மாற்றினால் மூலதன ஆதாய வரியும், கம்பெனிக்குக் கிரயம் என்றால் முத்திரைத் தீர்வையும் வரலாம். தொழில் நொடித்தால் சொத்தும் உடன் போகும். வீட்டுத் தங்கல் (ஹோம்ஸ்டே) நடத்துவோர் வீட்டைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு நிறுவனத்துக்கு வாடகைக்கு விடலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் 11 மாத ஒப்பந்தம் வழக்கத்தில் இருக்கிறது. தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும் வீடுகளில் அந்த ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுவது என்பதே முதல் சிக்கலாக வரும். எனவே நிறுவனம் தொடங்குமுன் குடும்பத்துக்குள் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூடலூரில் எங்கள் வீடு செக்‌ஷன் 17 நிலத்தில் உள்ளது. அந்த முகவரியில் கம்பெனி பதிவாகுமா?

கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் பதிவு அலுவலக முகவரி வேண்டும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு மேற்படாத மின்சாரம், தொலைபேசி அல்லது எரிவாயு போன்ற கட்டண ரசீதும், இடம் பிறருடையது என்றால் அவரது சம்மதக் கடிதமும் கேட்பார்கள். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில (ஜமீன் போன்ற பழைய பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் பட்டா இல்லை. பல வீடுகளில் மின் இணைப்பும் இல்லை. எனவே பதிவு அலுவலகத்தை, ரசீதும் உரிமையாளரின் சம்மதமும் எளிதில் கிடைக்கும் கடைத்தெரு முகவரியில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. கம்பெனியின் பெயரும் முகவரியும் அந்த இடத்தில் வெளியே தெரியும்படி, தமிழிலும், எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். எங்களுக்கு எது?

மகளிர் சுய உதவிக் குழுவாக இருந்தால் குழுவின் பெயரில் சேமிப்பும் வங்கிக் கடனும் எளிதாகக் கிடைக்கும். ஆனால் சுய உதவிக் குழு தனிச் சட்ட நபர் அல்ல. இயந்திரம், வணிகப் பெயர், பெரிய ஒப்பந்தம் ஆகியவற்றை அதன் பெயரில் நெடுநாள் வைத்திருப்பது கடினம். விளைவிப்பவர்களோ சேகரிப்பவர்களோ பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம். இதில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. குறைந்தது ஐந்து இயக்குநர்களும் முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவரும் வேண்டும். தேனும் பிற வனப்பொருட்களும் விற்கும் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இம்மாவட்டத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு. தலைமை நிர்வாகியின் சம்பளத்துக்கு வழி தெரியாமல் இதைத் தொடங்குவது வீண். கூட்டுறவுச் சங்கமும் ஒரு வழி. சிறு தேயிலை விவசாயிகள் உறுப்பினர்களாக உள்ள இன்ட்கோசர்வ் தொழிற்சாலைகள் அவ்வாறு அமைந்தவையே. அதில் அரசின் மேற்பார்வை அதிகம்.

மானியக் கடன் பெற எண்ணினால், பதிவு செய்வதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள். சில திட்டங்கள் தனிநபருக்கும் குழுக்களுக்கும் மட்டுமே உரியவை. அவசரப்பட்டுக் கம்பெனியாகப் பதிந்தவர் அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

கேள்வி: எந்த வடிவத்துக்கு ஜிஎஸ்டி கட்டாயம்?

ஜிஎஸ்டி வடிவத்தைப் பார்ப்பதில்லை. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்பதே தமிழ்நாட்டில் வரம்பு. சுற்றுலாப் பயணி கடையில் கையோடு வாங்கிப் போவது உள்ளூர் விற்பனை. அதே சாக்லேட்டைப் பெங்களூருக்கோ கோழிக்கோட்டுக்கோ பார்சல் அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை; விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு மட்டும் வரம்புக்குள் விலக்கு உண்டு.

கேள்வி: கம்பெனியாகப் பதிந்தால் என் பெயரை வேறு யாரும் வைக்க முடியாதல்லவா?

அதே பெயரில் இன்னொரு கம்பெனி பதிவாகாது, அவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரர் அதே பெயரில் பொட்டலம் போடுவதைத் தடுக்க வணிகக் குறிப் பதிவு வேண்டும். அதற்குத் தனிநபருக்கும் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கும் இணைய வழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ‘நீலகிரி’, ‘ஊட்டி’ என்ற ஊர்ப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு தனி உரிமை கேட்பது எடுபடாது.

கேள்வி: இன்று ஒரு வடிவத்தில் தொடங்கிவிட்டு நாளை மாற்றலாமா?

மாற்றலாம். கூட்டாண்மை நிறுவனத்தை எல்எல்பியாக மாற்றச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தனி உரிமையாளர் தொழிலுக்கு அப்படி நேர்வழி இல்லை. புதிய நிறுவனத்தைப் பதிந்து, தொழிலை அதற்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பான், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி எண், உணவு உரிமம் எல்லாமே புதிது. பழைய ஜிஎஸ்டி கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டிய, இன்னும் கழித்துக்கொள்ளாத வரியை) புதிய எண்ணுக்கு மாற்றத் தனிப் படிவம் உண்டு. பழைய எண்ணை ரத்து செய்வதற்கு முன்பு அதைத் தாக்கல் செய்ய வேண்டும். பழைய முகவரியும் உரிம எண்ணும் அச்சிட்ட பொட்டல உறைகள் எவ்வளவு கையிருப்பில் உள்ளன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவற்றைப் புதிய நிறுவனம் அப்படியே பயன்படுத்த முடியாது. ஏப்ரல் 1 அன்று மாறினால் இரண்டு கணக்குகளும் ஆண்டு நடுவில் வெட்டுப்படாது. ஆனால் இந்த மாவட்டத்தில் அது கோடைச் சீசன் சூடுபிடிக்கும் நேரம். ஆகவே பதிவு, வங்கிக் கணக்கு, உணவு உரிமம் மூன்றையும் பிப்ரவரிக்குள் முடித்துவைத்துவிட்டு, விற்பனையை மட்டும் ஏப்ரல் 1 முதல் புதிய பெயரில் ரசீது போடத் தொடங்குவது வசதியானது.